பச்சை இடம், அரக்கு வலம்

எழுபதுகளின் தொடக்கத்தில் காஞ்சிபுரத்தில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தேன். ஊனமுற்றவர்களுக்கு வேலை பிடித்துத் தருவது என் பொறுப்பு. வேறு யாரும் ஏற்காததால் என் தலையில் விழுந்தது. பெரிய காஞ்சிபுரத்துத் தெருக்களில் வீடு வீடாகக் கேட்பேன். "முழுசா இருக்கறவனுக்கே வேலை இல்ல, இதுல இவரு வேற" என்பார்கள். எனக்குக் கோபம்கூட வராது. சைக்கிளை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவேன்.

பக்கத்து ஓரிக்கை ஊர்க்காரர் ஒருவர் விஷயத்தில் மட்டும் அலைச்சல் பலித்தது. சின்ன வயதில் அம்மை வார்த்து இரண்டு கண்ணும் போனவர். முப்பது வயதிருக்கும். நெசவுக் குடும்பம், பாவு பிணைக்கத் தெரியும். தறியில் நீளவாக்கில் ஓடும் பழைய பாவு தீரும்போது அதன் ஒவ்வோர் இழை நுனியோடும் புதுப் பாவின் இழையைச் சேர்த்து முறுக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். அவர் விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு முறுக்கினால் ஒன்றுகூட நழுவாது. தறி முதலாளி ஒருவர் அரை மனதோடு சேர்த்துக்கொண்டார். "ஒரு தப்பு நடந்தாலும் நிறுத்திடுவேன் சார். அப்புறம் வந்து பேசக் கூடாது" என்றார். தலையாட்டினேன்.

நான்கு மாதம் ஒரு குறையும் இல்லை. வீட்டில் இப்போதெல்லாம் தன்னைக் கேட்டுத்தான் எதுவும் நடக்கிறது என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். சொல்லும்போது சிரித்தார்.

அவர் வேலை செய்வதைப் பார்க்க மெட்ராஸிலிருந்து மேலதிகாரி ஒருவர் போட்டோக்காரரோடு வந்தார். அன்று தறியில் ஒரு கல்யாணப் புடவை. ஒரு கரை பச்சை, மறு கரை அரக்கு. இரண்டுக்கும் இழை எண்ணிக்கை ஒன்றே, பட்டும் ஒன்றே. தொட்டால் வித்தியாசம் தெரியாது. அதனால் ஓரிக்கைக்காரர் காலையிலேயே, நெய்யும் தறிக்காரரைக் கேட்டு, பச்சைச் சுருளை இடப்பக்கமும் அரக்குச் சுருளை வலப்பக்கமும் வைத்திருந்தார். வெளிச்சத்துக்காக அவரை வாசலில் நிறுத்தி முதலில் ஒரு படம் எடுத்தார்கள். அடுத்த படம் தறியில். இடம் பார்க்க நன்றாக இருக்கட்டும் என்று நான் அந்தச் சுருள்களை எடுத்து, கீழே பெருக்கிவிட்டுத் திரும்ப வைத்தேன். மாற்றி வைத்துவிட்டேன், அப்போது அது தெரியவில்லை.

மறுநாள் காலை தறியில் உட்கார்ந்த தறிக்காரர் கூச்சல் போட்டாராம். படம் எடுத்த பிறகு ஓரிக்கைக்காரர் பிணைத்திருந்த கரைகள் இடம் மாறியிருந்தன. பிணைத்த பாவை அறுப்பது அந்த வீட்டில் அபசகுனம், அதுவும் கல்யாணப் புடவையில். முதலாளி எனக்கு ஆள் அனுப்பினார். தறியைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது.

"வேலியில போன ஓணான எடுத்து மடியில விட்டுக்கின கதையா ஆயிடுச்சு சார்" என்றார் முதலாளி. ஓரிக்கைக்காரர் சுவரோரமாக நின்றிருந்தார். என் குரல் கேட்டதும் முகத்தைத் திருப்பினார்.

"வச்ச எடத்துலருந்துதான் சார் எடுத்தேன். நீங்க கூட இருந்தீங்களே. மாத்தி வச்சிருப்பேனா நானு?"

"அவசரத்துல மாறியிருக்கும்பா" என்றேன்.

உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டார். "இருக்கும் சார்" என்றார். அன்றோடு அவருடைய வேலை போயிற்று.

வெட்கமாக இருந்தது என்று எழுத ஆசைதான். ஒன்றும் தோன்றவில்லை. அலுவலகத்துக்குப் போய் டப்பாவைத் திறந்து தயிர்சாதம் சாப்பிட்டேன். உப்பு குறைவாக இருந்தது.

ஒரு மாதம் கழித்து வேறொரு வீட்டில் சம்மதம் வாங்கிக்கொண்டு ஓரிக்கைக்குப் போனேன். அங்கே இரண்டு பக்கமும் ஒரே நிறக் கரைதான், தவறவே வழியில்லை என்றேன். அவர் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழவில்லை.

"வேணாம் சார். இழையத் தொட்டாலே சந்தேகம் வந்துக்கினே இருக்குது. என் கைய நானே நம்பறதில்ல இப்போ."

உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவரும் நானும் மட்டும்தான் இருந்தோம். பிறகு அவருடைய அம்மா உள்ளேயிருந்து மோர் கொண்டுவந்து, "பையனுக்காக இந்த வெயில்ல வந்திருக்கீங்களே" என்று என் கையில் கொடுத்தார். குடித்துவிட்டு, மனசு மாறினால் சொல்லியனுப்பச் சொல்லிவிட்டு வந்தேன்.