‘ஒருத்தருமில்லாத’ ஊரில் எங்கள் அக்கா

எங்கள் அக்கா தென்மராட்சியில் பிறந்தார். அவுஸ்திரேலியாவில், கோதுமை வயல்களுக்கு நடுவே கிடக்கும் ஒரு சின்ன ஊரில் வாழ்ந்து இறைவனடி சேர்ந்தார். இடையில் நடந்ததை எழுதத்தான் இந்த நினைவு மலரில் எனக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஒதுக்கியவர் பெரியக்காவின் கணவரான அத்தான். “இரண்டு பக்கம். பகிடி வேண்டாம்” என்றார். பகிடி விடாமல் எழுதினால் எனக்குக் கை நடுங்கும். கோபம் வந்தாலும் நடுங்கும். இப்போது இரண்டு நடுக்கமும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருப்பதால் எழுத்து ஓரளவு நேராக வருகிறது.

கோபம் எதற்கென்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அக்கா காலமான செய்தி வந்த அன்று கடலுக்கு இந்தப் பக்கம், வேறு நாட்டில் இருக்கும் எங்கள் பிளாக்ஹவுஸ் பே வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒரே வசனத்தைத்தான் சொன்னார்கள். “பாவம், ஒருத்தருமில்லாத இடத்தில போயிட்டா.” சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடித்தார்கள். அந்த ஊரை ஒருவரும் கண்டதில்லை. அதன் பெயரைக்கூட அத்தான் இன்றுவரை சரியாகச் சொன்னதில்லை. ஆகவே அதை அக்காவின் ஊர் என்றே எழுதுகிறேன்.

அப்பாவைச் சிறுவயதில் இழந்த வீட்டில் அக்காதான் எங்களுக்கு அரை அப்பா. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து படித்து, கொழும்பில் மருந்தாளராகி, பிறகு அவுஸ்திரேலியா போனார். நாட்டுப்புறத்தில் சில வருடம் வேலை செய்ய வேண்டும் என்பது அவருடைய விசாவின் நிபந்தனை. அது முடிந்ததும் மெல்பேர்னுக்குப் போய்விடுவார், போனதும் கலியாணம் பேசலாம் என்று இங்கே திட்டம் போட்டார்கள். அக்கா போகவில்லை. மருந்துக்கடையின் பழைய முதலாளி ஓய்வெடுத்தபோது கடையையே வாங்கினார். அன்றிலிருந்து எங்கள் கூட்டத்தில் அவர் “பாவம்” ஆனார்.

அந்த ஊரைப் பற்றிக் கேளுங்கள். ரயில்பாதை போட்டதால் உண்டான ஊர். தண்டவாளத்துக்குப் பக்கத்தில் வானம் முட்டக் கோதுமைக் குதிர்கள். இப்போது ரயில் இல்லை. வங்கி போய்விட்டது. பக்கத்து ஊர்க்காரரோடு ஆயுள்முழுக்க அடிபட்ட உதைபந்து அணி, ஆள் போதாமல் அதே பக்கத்து ஊர் அணியோடு சேர்ந்துவிட்டது. சேர்ந்த அணியின் சட்டை எந்த நிறம் என்பதில் இன்றைக்கும் ஒரே வீட்டில் பேசாமலிருக்கும் சகோதரர்கள் உண்டு. ஊர் மண்டபச் சுவரில் போருக்குப் போய்த் திரும்பாதவர்களின் பெயர்ப்பலகை இருக்கிறது. கோதுமை வருவதற்கு முன்னே ஊர் ஓடைக்கரையிலிருந்து துரத்தப்பட்ட பூர்வகுடிகளுக்குப் பலகை இல்லை. “எங்கட கதை மாதிரித்தான், என்ன?” என்று அக்கா ஒருமுறை தொலைபேசியில் சொன்னார். நான் அப்போது கிரிக்கெட் பார்த்துக்கொண்டு “ஓம், ஓம்” என்றேன்.

அந்த ஊருக்கு ஆஸ்பத்திரியும் இருந்தது. கட்டடம் இன்னும் இருக்கிறது, பூந்தொட்டிகூட இருக்கிறது. அவசர சிகிச்சைப் பிரிவைத்தான் தலைநகரத்தில் யாரோ மேசையிலிருந்து மூடிவிட்டார்கள். அக்காவுக்குக் கடையில் நெஞ்சு வலித்தபோது, அந்தக் கட்டடத்தைக் கடந்துதான் அம்புலன்ஸ் அவரைக் கொண்டுபோனது. அடுத்த பட்டணத்துக்கு அக்கா உயிரோடு போய்ச் சேரவில்லை. இதை எழுதும்போது பல்லைக் கடிக்கிறேன். பகிடிக்கு இதில் இடமில்லை.

அக்கா தனியாகப் போகவில்லை. பக்கத்து வீட்டு ஜோன் என்ற அம்மா, ஊர்த் தீயணைப்புப் படைக்குச் சமைத்துப் போடுபவர், வழிமுழுக்க அவருடைய கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். ‘ஒருத்தரும்’ கணக்கில் ஜோன் சேர்த்தியில்லையா?

நான் விமானமேறினேன். எனக்கு விமானம் பயம், பாம்பு பயம், அத்தானின் தொலைபேசி அழைப்புப் பயம். வாடகைக் காரில் அந்த நெடுஞ்சாலையில் போகும்போது எதிரே வந்த ஒவ்வொரு சாரதியும் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை உயர்த்திக் காட்டினார். சில்லில் காற்றுப் போய்விட்டதென்று இறங்கிப் பார்த்தேன். பிறகு, புகை வருகிறதென்று இறங்கிப் பார்த்தேன். அது அந்த ஊர்க்காரரின் வணக்கம் என்பது இறுதிச் சடங்கன்றுதான் தெரிந்தது.

அக்காவின் வீட்டு வாசலில் சட்டிகள். மேசையில், கதிரையில், ஐஸ் பெட்டிக்குள், மூடி போட்ட சட்டிகள். எங்களைப் போலவே அவர்களும் செத்த வீட்டில் அடுப்பு எரியவிடுவதில்லை. ஒவ்வொரு சட்டியின் அடியிலும் பிளாஸ்டர் ஒட்டிச் சொந்தக்காரரின் பெயர் எழுதியிருந்தது. நான் மனைவிக்கு அழைத்தேன்.

“சுகந்தி, இது ஆடு மாடு வளர்க்கிற ஊர். இழவுத் துடக்கு வீட்டுக்குள்ள மச்சமாமிசம் வந்திட்டுது. என்ன செய்யிறது?”

“மூடியைத் திறந்து பாத்தனீங்களோ?”

“பயமாயிருக்கு.”

“உங்களுக்கோ? பென்ரோஸ் வேலையிடத்தில மத்தியானம் என்ன தின்னுறீங்கள் எண்டு எனக்குத் தெரியாதோ? திறவுங்கோ.”

திறந்தேன். பூசணி. பூசணி சூப், பூசணி ரொட்டி, அவித்த பூசணி, பூசணிக்கு மேல் பாலாடைக்கட்டி. அக்கா சைவம் என்பதும், அவர் வீட்டுக்கு இறைச்சி கொண்டுபோகக் கூடாதென்பதும் அந்த ஊருக்கே தெரிந்திருந்தது. (பெரியக்காவுக்கு: நான் சைவமில்லை. இத்தனை காலம் சொல்லப் பயந்தேன், அச்சில் சொல்வது சுலபமாயிருக்கிறது.)

இறுதிச் சடங்குக்குக் கடைகளைப் பூட்டினார்கள். ஐயர் இல்லை. நான் தேவாரம் பாடத் தொடங்கி, பயத்தில் பாதியில் மறந்து, முதல் வரியையே திரும்பத் திரும்பப் பாடினேன். நீளமான பாட்டு என்று நினைத்து ஊர்க்காரர் தொப்பியைக் கழற்றிப் பிடித்துக்கொண்டு கடைசிவரை நின்றார்கள்.

அடுத்த பட்டணத்தில் தகனம் முடிந்து அஸ்திப் பெட்டி வீட்டுக்கு வந்தது. அத்தானும் அழைத்தார்.

“அஸ்தியை எடுத்துக்கொண்டு உடனே வெளிக்கிடு. இஞ்ச கடலில கரைப்பம். அங்க ஒருத்தருமில்லை, ஆர் விளக்கு வைக்கிறது?”

“அத்தான், சட்டியளைத் திருப்பிக் குடுக்க வேணும். வெறுஞ்சட்டியாக் குடுக்கிறது மரியாதையில்லை.”

“துடக்கு வீட்டில இருந்து சாப்பாட்டுச் சாமான் வெளியில போகக் கூடாது. விசரே உனக்கு?”

வெறுமையாகக் கொடுத்தால் மரியாதைக் குறைவு, நிரப்பிக் கொடுத்தால் துடக்கு. கழுவிய சட்டிகளுக்கு நடுவே, வேர்த்து விறுவிறுத்து ஒரு காலை முழுக்க உட்கார்ந்திருந்தேன். கடைசியில் வேலிக்கு அப்பால் நின்ற ஜோனிடமே கேட்டேன். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை எங்கள் பேச்சில் எழுதினால் இப்படி வரும்: “வெறுஞ்சட்டியே போதும், ராசா. ஆனா உள்ள வந்து இருந்து ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுத்தான் போகவேணும். அதுதான் சட்டி வாடகை.”

அப்படித்தான் வீடு வீடாகப் போனேன். போன இடமெல்லாம் தேத்தண்ணி, போன இடமெல்லாம் அக்கா. பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் நீச்சல் குளத்தை மூடுவதென்று முடிவானபோது, நீந்தவே தெரியாத அக்கா கோடை முழுக்க வாசலில் குந்தியிருந்து அதைத் திறந்து வைத்திருந்தாராம். அவர்களுடைய உதைபந்தில் கோல் விழுந்ததென்று கொடி காட்டுபவர் வெள்ளைக் கோட்டுப் போடவேண்டும், அக்காவிடம்தான் ஏற்கெனவே வெள்ளைக் கோட்டு இருக்கிறதே என்று அவரையே பிடித்துவிட்டார்களாம். அவர் தீர்ப்பை இரண்டு அணிக்காரரும் திட்டினார்களாம். அது அங்கே பெரிய மரியாதை.

கோதுமை பயிரிடும் கெவின் அதிகம் பேசாத மனிதர். மழை பொய்த்த வருடத்தில் அவருக்கு நித்திரைக் குளிசை எழுதிக் கொடுத்திருந்தார்கள். அக்கா அதை மொத்தமாகக் கொடுக்கமாட்டாராம். இரண்டு மூன்று குளிசை மட்டும்.

“‘ஸ்டொக் முடிஞ்சுது, வெள்ளிக்கிழமை வா’ எண்டுவா,” என்றார் கெவின். “எனக்குத் தெரியும், பின்னால தட்டு நிறைய இருக்கு. என்ர முகத்தைப் பாக்கத்தான் கூப்பிட்டவ. நான் வராட்டி கடையைப் பூட்டிப்போட்டுத் தேடி வருவா. ஒருக்கா வந்தவ.”

சொல்லிவிட்டு என் கோப்பையை மறுபடி நிரப்பினார். நான் அதையும் குடித்தேன்.

கடைசியாக ஒரு சட்டி மிஞ்சியது. எவர்சில்வர். அடியில் இருந்த பிளாஸ்டரில் தமிழில் எழுதியிருந்தது. அக்காவின் பெயர், அக்காவின் கையெழுத்தில். அவருடைய சட்டி அவருடைய வீட்டுக்கே எப்படிச் சாப்பாட்டோடு வந்தது? ஜோனிடம் கொண்டுபோனேன்.

“அது ஒரு வீட்டுச் சட்டியில்லை,” என்றார் ஜோன். “என்ர மனுசன் செத்தபோது அவ அதில சோறும் பருப்பும் கொண்டுவந்தவ. நான் திருப்பிக் குடுக்கப் போக, ‘வைச்சிரு, அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோ’ எண்டா. அந்த நாளில இருந்து ஆர் செத்தாலும் அந்தச் சட்டி முதலில போகும். அந்த எழுத்தை எங்களுக்கு வாசிக்கத் தெரியாது. ஆனா ஆரின்ர சட்டியெண்டு எல்லாருக்கும் தெரியும். இந்தமுறை நான்தான் கொண்டுவந்தனான்.”

அன்றைக்கே அத்தானுக்கு அழைத்தேன். அத்தானின் அழைப்புக்கே பயப்படுகிறவன் நான். இருந்தாலும் சொன்னேன். “அஸ்தி வராது, அத்தான். அக்கா தன்ர ஊரிலதான் கரைவா.”

“அந்த ஊரில ஆறு இருக்கோ?”

“ஓடை இருக்கு.”

“தண்ணி இருக்கோ?”

“இல்லை.”

அத்தான் தொலைபேசியை வைத்துவிட்டார். அதன்பிறகு இங்கே நடந்தது உங்களுக்குத் தெரியும். தமக்கையின் அஸ்தியை வறண்ட ஓடைக்கரையில் விட்டுவிட்டு வந்த விசரன் என்று, முப்பத்தோராம் நாள் சாப்பாட்டில் என் காதுபடவே பேசினீர்கள். ஓடை ஓடும்வரை வைத்திருக்கச் சொல்லி நான் ஒப்படைத்த அஸ்திப் பெட்டி ஜோனின் வீட்டு அலமாரியில் இருந்த அத்தனை மாதமும், அதற்கு முன்னால் தினமும் ஒரு மெழுகுதிரி எரிந்தது. ஆர் விளக்கு வைப்பது என்று கேட்டீர்களே, அவர்தான் வைத்தார்.

குளிர்காலத்தில் ஜோன் அழைத்தார். “ஓடுது” என்ற ஒற்றைச் சொல். நானும் சுகந்தியும் போனோம். ஓடை பெருகியிருந்தது. தீயணைப்புப் படைக்காரர் சேற்றில் கயிறு கட்டிப் பிடிக்க, நான் வழுக்கி இடுப்பளவு தண்ணீரில் விழுந்து, அக்காவோடு சேர்ந்து நானும் கரைந்துவிடப் பார்த்தேன். கெவின் சட்டைக் கொலரில் பிடித்துத் தூக்கிவிட்டார். அக்கா ஓடையோடு போனார்.

நன்றி சொல்லவேண்டும். அக்காவின் கையை விடாத ஜோனுக்கும், கெவினுக்கும், தமிழ் வாசிக்கத் தெரியாத அந்த ஊருக்கும் நன்றி. இந்த மலரை அச்சிடுவித்த அத்தானுக்கும் நன்றி. முகப்புப் பக்கத்தில் அவர் எழுதிய “ஒருவருமற்ற அந்நிய மண்ணில்” என்ற வரியை அச்சகத்துக்குப் போய் வெட்டியவன் நான்தான். இதை வாசிக்கும்போதுதான் அவருக்கே தெரியவரும். தொலைபேசியை அணைத்து வைத்திருக்கிறேன்.

இன்னுமொன்று. அஸ்தி கரைத்த மறுநாள் கெவினின் வயதான தாயார் தவறிவிட்டார். ஜோன் எங்களைப் பார்த்தார், பிறகு அக்காவின் சட்டி இருந்த அலமாரியைப் பார்த்தார். சுகந்தி சோறு வடித்தாள், நான் பருப்பைக் கொஞ்சம் அடிப்பிடிக்க விட்டேன். அக்காவின் சட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போய்க் கெவினின் கதவைத் தட்டினேன். முதல் வருட ஆட்டைத் திவசம்கூட முடியாத துடக்குக்காரன் கொண்டுபோன சோறு, அத்தான். கெவின் அடியில் இருந்த எழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, “உள்ள வா” என்றார்.