முதல் கன்று வைக்கும் கை

நான் ஒரு பெண்ணைச் சங்கிலியால் கட்டிப் போட்டிருக்கிறேன். வாயால்தான். ஆனால் அந்த வாய்க்கு முன்னால் ஒரு மைக்கும், மாதா கோவில் முற்றம் நிறையக் கூட்டமும் இருந்தன. ஐம்பதைத் தாண்டிய, நாலு புத்தகம் படித்த, நகைச்சுவைக் கட்டுரைகள் எழுதி அவற்றுக்கு வாசகர்கள் இருப்பதாகவும் நம்பிக்கொண்டிருக்கும் ஒருவன், ஒரு நாளாவது ஊரை அழவைத்துப் பார்க்க ஆசைப்பட்டதன் விளைவு அது.

வண்டன்மேட்டுக்கு மேலே, ஒரு சரிவில், மனநலம் குலைந்து மீண்டு வருகிறவர்கள் ஏலக்காய் நாற்று வளர்க்கும் சின்ன அமைப்பு ஒன்று இருக்கிறது. நடத்துகிறவர் ஒரு சிஸ்டர். மாத்திரை பாதி, மண் பாதி என்பது அவருடைய வைத்தியம். நான் அங்கே தொண்டு செய்யப் போனது சேவை மனப்பான்மையால் என்று பல இடங்களில் சொல்லியிருக்கிறேன். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தவனை, எங்காவது போய்த் தொலையுங்கள் என்று மனைவி சொன்னதுதான் உண்மைக் காரணம். பைகளில் மண் நிரப்பும் வேலையைக் கொடுத்தார்கள். எனக்கு மேற்பார்வை, எல்லோரும் நாற்றங்கால் அக்கா என்று கூப்பிடும் ஒருவர். நான் ஒரு பை நிரப்புவதற்குள் அவர் ஏழு நிரப்பிவிட்டு, என்னுடையதையும் கொட்டித் திரும்ப நிரப்புவார். திட்டமாட்டார். திட்டியிருந்தால் கொஞ்சம் மரியாதையாக இருந்திருக்கும்.

அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் ஒரு வழக்கம். மழை பிடித்துப் புதிதாக ஏலச்செடி வைக்கும்போது முதல் கன்றைக் கண்டவர் கையில் கொடுக்கமாட்டார்கள். கைராசி என்று பேரெடுத்த ஒருவரை அழைத்துவந்து வைக்கச் சொல்வார்கள். பதினைந்து வருடம் அந்தப் பேர் அக்காவின் கைக்கு இருந்தது. ஒரு முதலாளி அவருக்காக ஜீப்பே அனுப்புவார். பிறகு கணவர் போய்ச் சேர்ந்தார், தூக்கம் போனது. ஒரு நாள் அடுப்பங்கரை மூலையில் உட்கார்ந்தவர் மூன்று நாள் எழுந்திருக்கவில்லை, பேசவுமில்லை. அக்காவின் வியாதி அவ்வளவுதான். ஆஸ்பத்திரியும் மருந்துமாக அதிலிருந்து மீண்டுவர இரண்டு வருடம் ஆனது. போடியில் தங்கச்சி வீட்டில் இருக்கிறார் என்று ஊருக்குச் சொல்லியிருந்தார்கள். திரும்பி வந்து நாற்றங்காலில் நின்றபோது, சிஸ்டரிடம் கூலிக்கு நிற்கிறார் என்று ஊர் நினைத்துக்கொண்டது. அவரும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டிருந்தார். மண் நிரப்பிக்கொண்டே ஒரு நாள் என்னிடம் சொன்னார்: "இந்த வருசம் ஜீப்பு வந்துருச்சுன்னாப் போதும், சார். அவுக கூப்பிட்டா மத்தவுகளும் கூப்பிடுவாக. நான் பழையபடி ஆயிட்டேன்னு நானே சொல்லிக்கிட்டுத் திரிய வேண்டியதில்ல."

இது தெரிந்துதான் நான் மேடை ஏறினேன். இரண்டாவது நாற்றங்கால் போட நிதி தேவைப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோவில் முற்றத்தில் நாற்று விற்பனை, நடுவே என் பேச்சு. உள்ளதைச் சொன்னால் போதும் என்று சிஸ்டர் சொல்லியிருந்தார். உள்ளது எனக்குப் போதவில்லை. அக்காவின் கதையை எடுத்தேன். அடையாளம் தெரியக்கூடாது என்ற நல்லெண்ணத்தில் ஊரை மாற்றினேன், கணவரைக் குடிகாரனாக்கினேன், அடுப்பங்கரையை மாட்டுத் தொழுவமாக்கினேன், காலில் சங்கிலி போட்டேன். முன்வரிசையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. சங்கிலியை இன்னும் கொஞ்சம் இறுக்கினேன். உண்டியல் வரிசை வரிசையாகப் போய்க்கொண்டிருந்தது. பேச்சு முழுக்கப் பொய்யாகிவிட்டதால் முடிப்பதற்கு ஒரு உண்மை வேண்டியிருந்தது. "அந்தக் கைதான் ஒரு காலத்தில் இந்த மலையில் முதல் கன்று வைத்த கை" என்றேன். முற்றத்தில் இருந்த அத்தனை தலையும் ஒன்றாகத் திரும்பியது. என் பேச்சின் வெற்றி என்று நினைத்தேன். தலைகள் திரும்பிய இடத்தில் அக்கா உட்கார்ந்திருந்தார்.

நிதி எதிர்பார்த்ததைவிட அதிகம் சேர்ந்தது. ஜீப் அனுப்பும் முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டே எல்லோரையும்விடக் கூடுதலாகக் கொடுத்தார். நாற்றுகளும் விற்றுத் தீர்ந்தன. காசு கொடுத்தவர்கள் நாற்றை மட்டும் மதில் ஓரமாக வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். ஒருவர் இருவர் என்றால் மறதி என்று சொல்லலாம்.

மறுநாள் மன்னிப்புக் கேட்கப் போனேன். அக்கா பையிலிருந்து கண் எடுக்கவில்லை. "நல்லாத்தான் பேசுனீக. அந்தச் சங்கிலிப் பொம்பளைக்காக நானும் இருவது ரூவா போட்டேன், சார். அது நான்தான்னு கடசியிலதான் தெரிஞ்சுச்சு." நான் நீளமாக ஏதோ சொன்னேன், நல்ல சொற்களாகப் பொறுக்கி. நான் முடிப்பதற்குள் அவர் நாலு பை நிரப்பியிருந்தார்.

மழை பிடித்தது. ஒரு காலையில் ஜீப்பும் வந்தது. நடவுக்கு முதலாளி வரச் சொன்னார் என்றார் டிரைவர். யாரை என்று அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அக்கா உள்ளே போய் முகம் கழுவி, மடிப்புத் தடம் கலையாத பச்சைச் சேலையில் வந்து பின்னால் ஏறிக்கொண்டார். நான் முன்சீட்டில். என் பேச்சால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்ற நிம்மதியில், மலைமக்களின் பெருந்தன்மை பற்றி ஒரு கட்டுரைக்கான முதல் வாக்கியத்தைக்கூட வழியில் தயார் செய்தேன்.

குழி வெட்டித் தயாராக இருந்தது. பூ இருந்தது, படம் எடுக்க ஆள் இருந்தார். கன்று வேறு எங்கோ வாங்கியது. முதலாளி அக்காவைத் தாண்டி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "முதக் கன்னு நீங்கதான் வச்சுத் தரணும், சார். அன்னிக்கு எங்க எல்லாரையும் அழ வச்சுட்டீங்க." அக்கா வந்திருக்கிறாரே என்றேன். குரலைத் தாழ்த்தினார், போதுமான அளவு அல்ல. "பாவம்தான், சார். காசு எவ்வளவு வேணாலும் தர்றேன். கன்னுல மட்டும் கை வைக்க வேணாம்."

கன்றை அக்கா கையில் கொடுத்திருக்கலாம். கீழே வைத்துவிட்டு ஜீப்பில் ஏறியிருக்கலாம். இரண்டு காட்சியையும் பிறகு மனதில் பலமுறை எழுதிப் பார்த்துவிட்டேன், இரண்டிலும் வசனம் பிரமாதம். நடந்தது என்னவென்றால், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழி ஓரம் குந்தினேன். நாற்றங்காலுக்கு அவர் இன்னும் கொடுப்பார், அது எல்லோருக்கும் நல்லதுதானே என்று எனக்கே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். கன்றை இறக்கி மண்ணை மூடி அழுத்தினேன். கை தட்டினார்கள். படத்தில் எனக்குப் பின்னால் ஒரு பச்சைச் சேலையின் ஓரம் மட்டும் விழுந்திருக்கிறது.

இப்போது அந்த அமைப்புக்கு மூன்று நாற்றங்கால்கள். முதல் நிழல்வலைக் கூடாரத்தில் முதலாளியின் அப்பா பேர் எழுதியிருக்கிறது. அக்கா அதன் கீழேதான் பை நிரப்புகிறார். எந்தத் தோட்டத்து ஜீப்பும் அவருக்காக வரவில்லை. நிதி திரட்ட என்னை இன்னும் பேசக் கூப்பிடுகிறார்கள். நானும் போகிறேன்.

அன்று நடவு முடிந்து திரும்பும்போது நான் பின்னால் அக்காவுக்கு எதிரே உட்கார்ந்தேன். முன்சீட்டு காலியாக வந்தது. மூன்றாவது வளைவு தாண்டியதும் அக்கா பேசினார்.

"குழிக்குள்ள ரொம்ப இறக்கிட்டீக, சார். மழைக்கு அழுகிரும்."