சேக்காளிக்கு ஒரு வேலை

காளவாசல் லாட்ஜில் ரிசப்ஷனில் இருந்தவர், காலை டிபன் எங்கே நன்றாக இருக்கும் என்று எனக்கு வழி சொன்னார். மதுரையில் பிறந்து வளர்ந்த நானும் தெரியாதவன் மாதிரிக் கேட்டுக்கொண்டேன். தங்கை வீடு இருக்கும்போது லாட்ஜ் எதற்கு என்று அவளுக்குக் கோபம். கம்பெனிக் கார் விடியுமுன் வந்துவிடும் என்று சமாளித்தேன். உண்மையில் அவள் கணவன் முருகேசனைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது.

பினாங்கில் நான் வேலை பார்க்கும் சோலார் பேனல் கம்பெனி, கப்பலூர் தாண்டி ஒரு ஃபேக்டரி கட்டியிருக்கிறது. மெஷின்களை ஓட வைத்துக் கொடுக்க என்னை அனுப்பினார்கள். செய்தி கேட்டதுமே முருகேசன் தன் ரப்பர் கம்பெனி வேலையை விட்டுவிட்டான். பள்ளிக்கூடத்திலிருந்தே என் சேக்காளி அவன். மச்சான் உள்ளே இருக்கும்போது வேலை கிடைக்காதா என்று தெரு முழுக்கச் சொல்லியும் வைத்திருந்தான். கடல் கடந்து போனவர்களுக்கு ஊர் தரும் மரியாதையில் இந்தக் கணக்கும் உண்டு. வெளிநாட்டில் இருக்கிற யாருக்கும் இது தெரிந்திருக்கும்.

அவன் நம்பியதிலும் தப்பில்லை. பினாங்கு போனபோது எனக்கு ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கக்கூடத் தெரியாது. நீள மேஜையில் மலாய்ப் பெண்களோடு உட்கார்ந்து, பேனலுக்குள் போகும் மெல்லிய சில்லுகளை ஈயம் வைத்து ஒன்றோடொன்று பற்றவைத்தேன். சில்லு உடைந்தால் சூப்பர்வைசர் மலாயில் திட்டுவார்; புரியாமல் சிரிப்பேன், அதற்கும் திட்டுவார். இப்போது அந்த மேஜைகள் இல்லை. அத்தனை பேர் வேலையையும் ஒரு மெஷின் செய்கிறது. அந்த மெஷினைத்தான் ஊருக்குக் கொண்டுவந்திருக்கிறேன்.

இதை அவனிடம் சொன்னேன். டிப்ளமோ படித்த இளவட்டங்களைத்தான் எடுப்பார்கள் என்றும் சொன்னேன்.

"நீ மட்டும் என்னத்தப் படிச்சுட்டா போன மச்சான்? அம்புட்டுப் பெரிய ஃபேக்டரில எனக்கு ஒரு மூலை இல்லையாக்கும்?"

"கேட்டுப் பாத்துட்டேன் மாப்ள."

"கேட்டிருந்தா குடுத்திருப்பாங்க. ஒரு வார்த்த சொல்ல ஒனக்கு மனசு வரல."

என் மேலாளர் சீனர், நல்ல மனிதர். "உன் ஊருக்கே வேலை கொண்டுவந்துவிட்டாய், வீட்டில் பெருமையாக இருக்குமே" என்றார். நான் மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டு தோளில் தட்டினார். திருமங்கலம் பக்கத்துப் பெண்பிள்ளைகள் கழுத்தில் அடையாள அட்டையோடு கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும்போது எனக்கும் சந்தோஷம்தான். தங்கையின் போன் வரும்வரை அது நிற்கும். "அவரு சரியாச் சாப்பிடுறதே இல்லண்ணே" என்பாள்.

உற்பத்தி தொடங்கிய அன்று கேட்டில் என் காரை நிறுத்தினார்கள். காண்டிராக்டில் புது செக்யூரிட்டி ஆட்கள் வந்திருந்தார்கள். கண்ணாடியை இறக்கினேன். தொளதொளத்த நீலச் சட்டையில் முருகேசன் நின்றிருந்தான்.

"மாப்ள!" என்றேன்.

பக்கத்தில் அவனுடைய சூப்பர்வைசர். விறைப்பாக சல்யூட் அடித்தான்.

"எங்கருந்து வாரீங்க சார்?"

உள்ளே போகிற எல்லோரிடமும் கேட்கச் சொல்லியிருப்பார்கள். அவன் முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் இறங்கிப் போய்க் கையைப் பிடித்திருப்பேன். பின்னால் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது.

"பினாங்கு" என்றேன்.

கேட்டைத் திறந்துவிட்டான்.