போளியில் விழுந்த ரசம்

விருந்தாளியாக இருப்பது எனக்குப் பிடிக்காது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு செமஸ்டர் முழுக்க என்னை விருந்தாளியாகவே வைத்திருக்கப் பார்த்த ஊர் திருவனந்தபுரம். ஊர் எனக்கு ரொம்பப் பிடித்துப் போயிற்று. அதனால்தான் கோபமும் அதிகமாக வந்தது.

விருதுநகர் பக்கம் நான் படித்த கல்லூரிக்கும் திருவனந்தபுரத்தில் இருந்த ஒரு கல்லூரிக்கும் ஒப்பந்தம். அங்கிருந்து இரண்டு பேர் ஒரு செமஸ்டர் எங்களிடம் வந்து படிப்பார்கள், எங்களில் இரண்டு பேர் அங்கே போவோம். என்னோடு வர வேண்டியவன் கடைசி நேரத்தில் வேலை கிடைத்துவிட்டது என்று கழன்றுகொண்டான். நான் மட்டும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன்.

எங்களிடம் வந்த இருவரை நாங்கள் முதல் வாரமே மெஸ் வரிசையில் சண்டைக்கு இழுத்தோம். பட்டப்பெயர் வைத்தோம். கிரிக்கெட் ஆடும்போது பந்து பொறுக்க விட்டோம். ஒரு மாதத்தில் அவர்கள் எங்களைத் திருப்பித் திட்ட ஆரம்பித்தார்கள். பிறகு ஒரு குறையும் இல்லை. வந்தவனைச் சேர்த்துக்கொள்ள அதுதான் சரியான முறை என்று இன்றும் நினைக்கிறேன்.

அங்கே நேர்மாறு. வகுப்பில் முதல் வரிசை எனக்கு. யார் வந்து பேசினாலும் என்னை முன்னால் உட்கார வைத்து ஒரு படம். நாலு பேர் சேர்ந்து செய்யும் புராஜெக்டில் என் பெயரைப் போட்டுக்கொள்வார்கள், வேலை மட்டும் தரமாட்டார்கள். கூப்பிடுவதே "கெஸ்ட்" என்றுதான். கரமனையில் ஓர் அக்ரகாரத் தெருவில் மாடி அறை எடுத்திருந்தேன். அந்த வீட்டு மாமியும் அதே கட்சி. கீழே வந்து தண்ணீர் வாளியைத் தூக்கினால் ஓடி வந்துவிடுவார். "வச்சுடுங்கோ. வந்தவாளை வேலை வாங்கினா நன்னாவா இருக்கும்?" நன்றாகத்தான் இருக்கும் என்று சொன்னால் சிரிப்பார். வாளி அவர் கையில் போய்விடும்.

ஆனால் ஊர் இருக்கிறதே! காலையில் கரமனையில் பஸ் ஏறினால் பின்சீட்டில் ஒரே வாக்கியத்தில் தமிழும் மலையாளமும் சண்டை போடும். கிழக்கேகோட்டையில் இறங்கிச் சாலைக் கடைத்தெருவுக்குள் புகுந்தால் வாழைக்குலை, வெல்லம், தோவாளையிலிருந்து வந்த பூ எல்லாம் கலந்து ஒரு வாசனை அடிக்கும். வெயில் கொளுத்தும்போதே மழை வரும். ஒருவரும் ஓடமாட்டார்கள், பேச்சை நிறுத்தாமலே குடையை விரிப்பார்கள். கல்லூரியில் மரத்துக்கு மரம் கொடி. பாடம் நடக்கும்போது கோஷம் போட்டுக்கொண்டு ஊர்வலம் வரும். ஆசிரியர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு அது கடந்து போகும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். எனக்கு அதெல்லாம் தேர்த் திருவிழா. பஸ் போர்டை முதல் தடவை நானே எழுத்துக் கூட்டிப் படித்து ஏறிச் சரியான நிறுத்தத்தில் இறங்கிய அன்று, நடுரோட்டில் நின்று கத்த வேண்டும் போல இருந்தது.

இவ்வளவு பிடித்துப்போன ஊரில் முன்வரிசையில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பவனாகவே இருந்துவிட்டுப் போக எனக்கு மனம் இல்லை.

ஓணம் நெருங்கியது. ரோட்டு மரங்களில் சீரியல் விளக்குகளைச் சுற்ற ஆரம்பித்தார்கள். எங்கள் துறைக்குத் தனியாக ஓணச் சாப்பாடு. சமைக்க ஆள் உண்டு. விளம்புவது மாணவர்கள்; பரிமாறுவதற்கு அங்கே அதுதான் சொல். முதல் பந்தி ஆசிரியர்களுக்கும் விருந்தினருக்கும். அடுத்தது ஜூனியர்களுக்கு. விளம்பியவர்கள் கடைசியில் தின்பார்கள். அதாவது, முதலில் உட்கார்ந்தால் வெளியாள், கடைசியில் உட்கார்ந்தால் வீட்டாள். எனக்குக் கடைசிப் பந்தி வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன்.

வேலையைப் பங்கு போட்டவன் என் பெஞ்சுக்காரன். பாறசாலைப் பக்கம், வீட்டில் தமிழ், வெளியே மலையாளம், என்னிடம் இரண்டும். அவனுக்குத் துணை வகுப்புப் பிரதிநிதி. ஸ்ரீவராகத்து அக்ரகாரப் பெண், வாய் நீளம்.

"கெஸ்டுக்கு முதல் பந்தி," என்றான் அவன்.

"நான் விளம்புறேன்."

"எந்தினு? நீ அங்க இருந்நு தின்னா மதி." எதற்கு, உட்கார்ந்து தின்றால் போதுமாம்.

"உட்கார்ந்து தின்ன நான் என்ன மாப்பிள்ளையா? வந்ததுலேர்ந்து உட்கார்ந்தே இருக்கேன்டா. பின்னாடி காய்ச்சுப் போச்சு."

"எல்லாரும் முதல் பந்தியில எடம் கேட்டுச் சண்டை போடுவா. இது எழுந்துக்கச் சண்டை போடறது," என்றாள் அவள். "வேஷ்டி கட்டத் தெரியுமோ? ஓடறச்சே அவுந்துடுத்துன்னா துறைக்கே மானம் போயிடும்."

"நான் பள்ளிக்கூடத்துலேர்ந்து வேட்டி கட்டுறேன். உன் வேலையைப் பாரு."

"ஐயோ, கெஸ்டுக்கு தேஷ்யம் வந்நு," என்று அவன் கையெடுத்துக் கும்பிட்டான். தேஷ்யம் என்றால் கோபம். வந்துதான் இருந்தது. மேசையைத் தட்டினேன்.

"வேலை குடுக்கலேன்னா அன்னைக்கு வரவே மாட்டேன். ரூம்ல கிடந்து பரோட்டா தின்பேன்."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் அவன் சொன்னான்: "ரசம் குடுக்கலாம். ரசத்தில போயி எவனுக்கு என்ன கெடுக்க முடியும்?"

அன்று காலை சரிகை வேட்டி கட்டி, நம்பிக்கை இல்லாமல் மேலே ஒரு பெல்ட்டும் போட்டுக்கொண்டு போனேன். வாசலில் பூக்கோலம். முற்றத்தில் செண்டை அடிக்கிறார்கள், அது நெஞ்சுக்குள் அடிக்கிறது. ஹாலில் வரிசையாக இலை. உப்பு போனது, உப்பேரி போனது, இஞ்சிக்கறி, பச்சடி, அவியல் எல்லாம் போனது. சோறு. பரிப்பும் நெய்யும். சாம்பார். ஆட்கள் வாளியோடு ஓடுகிறார்கள், மோதுகிறார்கள், கத்துகிறார்கள். நான் சமையல்கட்டு வாசலில் ரச வாளியைப் பிடித்துக்கொண்டு குதித்துக்கொண்டிருந்தேன். வேறு யாருக்கும் தெரியாது, எனக்கு அது ஓட்டப்பந்தயத்தில் விசிலுக்குக் காத்திருப்பது போல.

சாம்பார்க்காரன் திரும்பி வந்தான். ஒருவன் போளித் தட்டோடு வரிசையில் இறங்கி, இலைக்கு ஒன்று வைத்துக்கொண்டே போனான். நான் அவன் பின்னாலேயே பாய்ந்தேன்.

என் வயிற்றுக்குத் தெரிந்தது ஒன்றுதான். சாம்பார் முடிந்தால் ரசம். நான் தின்ற எல்லாக் கல்யாணத்திலும் அப்படித்தான். போளி என்பது ஓரமாகக் கிடக்கும் இனிப்பு, அது அது பாட்டுக்குக் கிடக்கும். அந்த ஊரில் அப்படி இல்லை. சாம்பாருக்கு அடுத்து பாயசம். இலையில் போளியை வைத்து, அதன் மேல் பால்பாயசத்தை ஊற்றி, பிசைந்து தின்ன வேண்டும். அதற்குப் பிறகு மறுபடி சோறு வாங்கித்தான் ரசம். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை.

முதல் இலை துறைத் தலைவருடையது. கண்டிப்பான அம்மா. இலையில் கொஞ்சம் சோறு மிச்சம் இருந்தது. தாராளமாக ஒரு கரண்டி ஊற்றினேன். அது சோற்றைத் தாண்டி ஓடிப் போளியைச் சுற்றி வளைத்தது. நான் அதற்குள் அடுத்த இலை, அடுத்த இலை என்று போய்க்கொண்டிருந்தேன்.

"எடா! எடா! எடா!"

"போளி! ஐயோ, போளி!"

ஹாலே எழுந்துவிட்டது போல இருந்தது. பெஞ்சுக்காரன் ஓடி வந்து வாளியைப் பிடித்தான். பாயச வாளியோடு வந்தவன் அப்படியே நின்றுவிட்டான். நாலைந்து இலையில் போளி ரசத்தில் மிதந்தது.

துறைத் தலைவர் இலையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார். "சாரமில்லா. கெஸ்ட் அல்லே," என்றார். பரவாயில்லை, விருந்தாளிதானே என்று அர்த்தம். எல்லோரும் மூச்சு விட்டார்கள். எனக்குத்தான் உச்சந்தலை எரிந்தது. திட்டியிருந்தால்கூடச் சும்மா இருந்திருப்பேன்.

"மேடம், இதை வேற யாராவது செஞ்சிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

பெஞ்சுக்காரன் என் முதுகில் கிள்ளினான். அவர் யோசித்தார். "வேற ஆளா இருந்நா நல்லா வழக்கு பறஞ்ஞிருக்கும்," என்றார். நன்றாகத் திட்டியிருப்பாராம்.

"அப்ப என்னையும் திட்டுங்க. தப்பு என்னுது. கெஸ்ட் ஒண்ணும் ஊத்தல, நான்தான் ஊத்துனேன்."

சிரிப்பு நின்றது. வகுப்பில் அவர் முகம் எப்படி இருக்குமோ அப்படி ஆனது. "கண்ணு காணில்லே நினக்கு? பாயசம் வராம ரசமோ? கேக்க வாய் இல்லே? எடு இந்த இலையெல்லாம். முதல்லேருந்து எல்லாம் நீயே விளம்பு!"

அப்படியொரு சந்தோஷம் எனக்கு அந்த ஊரில் அதுவரை வந்ததில்லை. இலைகளை மடித்து எடுத்துக்கொண்டு ஓடினேன். புது இலை போட்டேன். வகுப்புப் பிரதிநிதி எதிரே நின்று இடுப்பில் கை வைத்துக் கத்தினாள்.

"உப்பு இடது ஓரம்! அங்கே இல்லே, மண்டு, இடது! உன் இடது இல்லே, மேடத்தோட இடது!"

"தெரியும், கத்தாதே!"

"தெரிஞ்சிருந்தா போளி ஏன் நீந்தித்து? அவியலை அங்க வைக்காதே!"

வேர்த்து ஊற்றியது. மற்ற ஆசிரியர்கள் பாயசத்தை உறிஞ்சிக்கொண்டே என்னை வேடிக்கை பார்த்தார்கள். துறைத் தலைவர் போளியில் பாயசத்தை ஊற்றிப் பிசைந்து தின்று முடிக்கும்வரை நான் ரசத்தைத் தொடவில்லை. கடைசியில் அவரே கையைக் காட்டினார். ஊற்றினேன். தலையை மட்டும் ஆட்டினார்.

அதற்குப் பிறகு நிற்க நேரம் இல்லை. ஜூனியர்கள் பந்தியில், "எடா, சோறு!", "எடா, வெள்ளம் கொண்டு வா!", "எடா ரசம், இப்ப இல்ல, போ அந்தாண்ட!" என்று நாலு பக்கமும் கூப்பிட்டார்கள். வெள்ளம் என்றால் தண்ணீர். சமையல்கட்டுக்கும் ஹாலுக்கும் ஓடி ஓடி வேட்டி முழுக்க மஞ்சள்.

கடைசிப் பந்தி போட்டார்கள். நான் நடுவில் உட்கார்ந்தேன். உப்பு வரவில்லை, சோறு வரவில்லை. பெஞ்சுக்காரன் நேராக வந்து என் வெறும் இலையில் ஒரு போளியை வைத்தான். அதன் மேல் இரண்டு கரண்டி ரசத்தை ஊற்றினான். எல்லோரும் சுற்றி நின்றுகொண்டார்கள்.

"தின்னு," என்றான்.

"நீ கண்டுபிடிச்ச பலகாரம். நீதான் முதல்ல சாப்பிடணும்," என்றாள் அவள்.

தின்றேன். புளிப்பும் மிளகும் வெல்லமும் சேர்ந்து கேவலமாக இருந்தது. ஒரு துண்டு விடாமல் தின்று இலையை வழித்தேன். அவர்கள் போட்ட கூச்சலில் செண்டைக்காரர்கள் ஒரு நிமிடம் நிறுத்திவிட்டார்கள்.

"இன்னொண்ணு வை," என்றேன்.

"போளி தீர்ந்நு. வேகம் சோறு தின்னுட்டு எழும்பு," என்றான் அவன். "அண்டா கழுவ ஆளில்ல."