மாப்பிள்ளையைக் காட்டிக்கொடுத்த தட்டான்

பெங்களூரு மர்பி டவுன் அய்யாவு ஆட்டோ ஓட்டிப் பிழைக்கிறவர். அந்தத் தொழிலில் அவர் தெரிந்துகொண்டது ஒன்று உண்டு: போனில் பேசுகிறவன் இருக்கிற இடத்தைச் சொல்லமாட்டான். அல்சூர் சிக்னலில் பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டு, "ஹெப்பாள் தாண்டிட்டேன்" என்று வாய் கூசாமல் சொன்னவர்களை எத்தனையோ தடவை ஏற்றி இறக்கியிருக்கிறார்.

அதனால்தான் அன்றைக்கு அவருக்குச் சந்தேகம் தட்டியது.

மகள் சங்கமித்ரா தலைப்பிரசவத்துக்கு வந்து பெண் குழந்தை பெற்றிருந்தாள். மருமகன் சுனிலுக்கு மாலத்தீவில் ஓட்டல் சமையல் வேலை. லீவு இல்லை என்று இன்னும் குழந்தையை வந்து பார்க்கவில்லை. வீடியோ காலில்தான் கொஞ்சல்.

அய்யாவு பேத்தியை மடியில் கிடத்திப் போனைப் பிடித்திருந்தார். சுனிலின் தலைக்குப் பின்னால் என்னவோ கூட்டமாகப் பறந்தது. ஒன்று பக்கத்துச் செடியில் வந்து தொங்கியது. மஞ்சள் பூசினாற்போல் உடம்பு, வால் பக்கம் கறுப்புத் தீற்றல், சிவந்த கண், கண்ணாடி இறக்கை.

காலையில் குழந்தைத் துணி காய்ந்த கொடியிலிருந்து அவர் விரட்டிய அதே தட்டான், கன்னடக்காரர்கள் சொல்லும் ஏரோப்ளேன் சிட்டே!

"சங்கு! இவன் எந்த வெளிநாடும் போவல. இங்கதான் சந்தாபுரா பக்கம் எங்கியோ வேற குடித்தனம் வெச்சிருக்கான்!"

சங்கமித்ராவின் முகம் வெளுத்தது. "இன்னா நைனா உளர்ற?"

"பாரு, நம்மூரு ஏரோப்ளேன் சிட்டே! இத்துனூண்டு பூச்சி கடலத் தாண்டுமா?"

"மாமா, சத்தியமா மாலத்தீவுலதான்!" சுனில் அலறினான். "வருஷா வருஷம் அக்டோபர்ல இந்தியாலேருந்துதான் இது கெளம்பி இங்க வருது. காத்தப் புடிச்சி மிதந்தே ஆப்பிரிக்கா வரைக்கும் போவுதாம்."

"கத விடாத. போன திருப்பு."

திருப்பினான். கண்ணுக்கெட்டிய வரை கடல். அதன் மேலிருந்து தட்டான்கள் வந்துகொண்டே இருந்தன. நடுவில் உட்கார ஒரு குச்சிகூட இல்லை.

சங்கமித்ரா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மடியில் குழந்தை கொட்டாவி விட்டது. அய்யாவு அதைப் பார்த்துவிட்டுப் போனை நிமிர்த்தினார்.

"ஏன் மாப்ள, அந்தப் பூச்சிக்கு எவன் லீவு குடுத்தான்?"

சுனில் சிரிக்கவில்லை. போனைத் தன் முகத்துக்குத் திருப்பினான்.

"இருங்க மாமா. மேனேஜர இப்பவே பாத்துட்டு வரேன்."

போனைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போனான். அய்யாவு லைனைத் துண்டிக்கவில்லை. பேத்தியின் முகத்தைப் போன் பக்கம் திருப்பிப் பிடித்தார்.