பறந்து விழுகிறவன்

சீனாவின் ஹெனான் மாகாணத்தில் ஒரு கிராமம். தைச்சி என்னும் தற்காப்புக் கலையைப் பழகாத வீடு அங்கே கிடையாது. காங் மாவ்லின் என்பவன் அந்த ஊரில் வீட்டோடு மாப்பிள்ளை. மாமனார் கோவ் ஷென்டிங்கின் பயிற்சிப் பள்ளியில் அவனுக்கு ஒரே வேலைதான். சுற்றுலாப் பேருந்து வந்து நின்றதும், மாமனாரின் கை பட்ட மாத்திரத்தில் முற்றத்தின் மறுகோடிக்குப் பறந்துபோய் விழ வேண்டும்.

கோவ் ஒரு காலத்தில் நிஜமாகவே ஆளைத் தூக்கி எறிந்தவர். இப்போது முழங்கால்கள் தளர்ந்துவிட்டன. எதிராளியின் முன்கையில் கையை ஒட்டவைத்தே அவன் எடை எங்கே நிற்கிறது என்று தோலால் கேட்பது அந்தக் கலையின் அடிப்படை. மாவ்லினுக்கு நன்றாகவே கேட்டது. கிழவரின் எடை முழுக்கக் குதிகாலில். அவன் கையை எடுத்தால் அவர்தான் மல்லாந்து விழுவார். அதனால் முதலில் அவரை நேராக நிற்கவைத்துவிட்டு, அப்புறம் பறப்பான்.

"பட்டம் வருது பாரு, இன்னிக்குக் காத்து எந்தப் பக்கம்?" என்பான் அவனைப் பார்த்து, கடைத்தெருவில் ரொட்டி சுடுகிறவன்.

"எங்கயாவது போயிடலாமா?" என்று மனைவி யுன்சியாவிடம் ஒருமுறை கேட்டான்.

"போலாம். அப்பா யாரைப் பிடிச்சுக்கிட்டு நிப்பாரு?"

ஒருநாள் பக்கத்து ஷான்ஷி மாகாணத்திலிருந்து வந்த மல்யுத்தக்காரன் ஒருவன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னே வந்தான். "பெரியவரே, இவரு உங்க ஆளு. என்னைத் தள்ளுங்க பாப்போம்."

கோவின் விரல்கள் மாவ்லினின் சட்டைக்கையை இறுகப் பற்றின.

"முதல்ல என்னைத் தள்ளுங்கண்ணே," என்றான் மாவ்லின்.

கூட்டம் சிரித்தது. மல்யுத்தக்காரன் தோளைக் கொடுத்து முட்டினான். மாவ்லின் எதிர்க்கவில்லை. முட்டிய இடத்தில் அவன் இல்லை. இடுப்பு மட்டும் மெல்லத் திரும்பியது. வந்தவனை அவன் எடையே இழுத்துப்போய்த் தரையில் போட்டது. விழும்போது முற்றத்துத் தண்ணீர்த் தொட்டியில் தலை மோதாதபடி மாவ்லின் அவன் இடுப்புவாரைப் பிடித்துக்கொண்டான். பறந்தே பழகிய மாவ்லினுக்கு, உள்ளங்காலில் தரை இருப்பது அன்றுதான் உறைத்தது.

எழுந்த மல்யுத்தக்காரன் நேராகக் கோவிடம் போய், ஒரு கை முஷ்டியை மறு கையால் பொத்தி வணங்கினான். "சீடனே இப்படின்னா, இவரையே பறக்கவிடுற நீங்க எப்படியிருப்பீங்க? தப்பா பேசிட்டேன் குருவே."

கைதட்டல் எல்லாம் கிழவருக்கே. மாவ்லின் வாயைத் திறந்தான். மாமனாரின் கை பிடிமானம் தேடுவதைப் பார்த்து, ஓடிப்போய்த் தோளைக் கொடுத்தான்.

சாப்பிடும்போது கோவ் கிண்ணத்திலிருந்து தலை நிமிரவில்லை. "மாப்ள, நாளைக்குக் கூட்டம் ஜாஸ்தியா இருக்கும். இன்னும் கொஞ்சம் தள்ளி விழணும்."

"சரிங்க மாமா."

யுன்சியா அவன் முதுகில் மருந்துச் சாராயத்தை அழுத்தித் தேய்த்தாள்.

கோவ் உயிரோடு இருந்தவரை மாவ்லின் அந்த முற்றத்தை விட்டு எங்கும் போகவில்லை.