துணைக்கு விட்ட சிலந்தி

எங்கள் அம்மாவுக்கு யாரும் தனியாக இருப்பதைப் பார்க்கப் பொறுக்காது. அப்போது அவளிடம் வசமாக அகப்பட்டவர் மாமா, அம்மாவின் தம்பி. சிதம்பரத்தில் எங்கள் வீட்டில் தங்கிச் சிலந்தி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். வாரம் ஒரு பெண்ணின் ஜாதகம் வரும். மாமா பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விடுவார்.

அவருடைய சிலந்திகள் கேழ்வரகு அளவுதான் இருக்கும். முட்டையிலிருந்து வந்த அன்றே ஒவ்வொன்றையும் தனித்தனி மருந்துக் குப்பியில் போட்டு, அது சட்டை உரித்து வளர்வதைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஆண் வாடையே படாமல் இந்த இனம் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் என்று காட்டினால்தான் அவருக்குப் பட்டம். மூன்றாம் வகுப்பு படித்த எனக்கே அது தெரியும். அம்மாவுக்கும் சொல்லியிருந்தார். அவள் நம்பவில்லை.

ஏதோ வேலையாகக் கிள்ளைக்குப் போய்விட்டு மாமா திரும்பிய அன்று ஒரு குப்பியில் முட்டைகள் இருந்தன. துள்ளிக் குதிக்க வேண்டிய மனிதர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். குப்பிக்குள் இரண்டு சிலந்திகள்.

"யாருக்கா இதுல இன்னொண்ணு போட்டது?"

"நான்தான். ஒத்தையில கெடந்து ஏங்குதேன்னு துணைக்கி உட்டேன். பாரு, முட்ட வச்சிடுச்சி," என்றாள் அம்மா, பெருமையாக.

மாமாவின் முகம் செத்துப்போனது. உள்ளே வந்தது ஆணாக இருந்தால் இத்தனை நாள் பட்ட பாடு வீண். நான் பயத்தில் அழ ஆரம்பித்தேன்.

"எங்கேருந்துக்கா புடிச்ச? செவுத்துலயா?"

"இத்துனூண்டு பூச்சிய செவுத்துல எங்கடா தேடுறது? பக்கத்துக் குப்பியிலேருந்து எடுத்தேன். காலிக் குப்பிய கழுவிக் கவுத்துட்டேன்."

மாமா பாய்ந்து போய் லென்ஸை எடுத்துப் பார்த்தார். அதுவும் பெண். முட்டையிலிருந்தே தனியாக வளர்ந்த பெண். "ரெண்டும் பொண்ணுதான்க்கா," என்று சொல்லி, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அடுத்தடுத்து மற்ற குப்பிகளிலும் முட்டைகள் வந்தன. பொரிந்ததெல்லாம் பெண் குஞ்சுகள்.

குஞ்சுகள் பொரிந்த அன்று அம்மா மட்டும் வெகுநேரம் குப்பிகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "தொணை இல்லாமயே அதும்பாட்டுக்கு நல்லாதான் இருக்குதுங்க," என்றாள். பிறகு செல்போனை எடுத்து, ஞாயிற்றுக்கிழமை திருவந்திபுரம் கோயிலில் வைத்து மாமாவுக்குப் பெண் பார்ப்பதாக இருந்ததை வேண்டாமென்று சொல்லிவிட்டாள்.

கோயில் புளியோதரை போச்சே என்று எனக்கு ஆத்திரம். மாமாவோ அந்த ஞாயிறு என்னை ஹோட்டலுக்கு அழைத்துப்போய், கேட்டது கேட்காதது எல்லாம் வாங்கித் தந்தார். சிலந்தி முட்டையிட்டதற்கு ஒரு மனிதருக்கு இவ்வளவு சந்தோஷமா என்று நினைத்துக்கொண்டே இன்னொரு பரோட்டா கேட்டேன்.